கற்கண்டு இல்லாத தட்டு

மார்சிலிங்கில் என் நாத்தனார் வீட்டு அடுக்குமாடி புளோக்கின் கீழே, மின்தூக்கிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பொத்தானை அழுத்தக் கை வரவில்லை.

யாரோ இறங்கி வந்தார்கள். கதவு திறந்தது. காய்கறிப் பையோடு வெளியே வந்த மலாய் மாது, எனக்காகக் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தலையை ஆட்டி, போங்கள் என்று கை காட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நடந்தார். மின்தூக்கிக்கு முன்னால் நின்றுகொண்டு மின்தூக்கி வேண்டாம் என்கிறவளை வேறு எப்படிப் பார்ப்பது?

கால் கெஞ்சியது. அந்தச் சில வாரங்களில் தீவின் பாதியை நடந்து முடித்திருந்தேன். குதிகாலில் வெடிப்பு, முழங்காலில் பிடிப்பு, தோள்பட்டையில் துணிப்பை அறுத்த தடம். பின்னால் கார் நிறுத்துமிடத்தில் என் கணவர் சேகர் இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். மேலே ஒன்பதாம் மாடியில் அவருடைய ஒரே அக்கா ராஜேஸ்வரி இருந்தார். அவரைக் கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் நான் தட்டு வைத்து அழைத்திருந்தேன். இப்போது அந்த அழைப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்திருந்தேன்.

கல்யாணத்துக்கு வீடு வீடாக அழைத்துவிட்டு, கல்யாணம் நின்றுவிட்டது என்று சொல்லப் போவது போன்ற நிலைமை. இதில் கல்யாணப் பெண், அதிபர் தேர்தலில் நிற்க நினைத்த ஒரு அம்மையார்.

முகப்புக்கு வந்த சக்கர நாற்காலி

நான் பாலிகிளினிக் என்கிற பலதுறை மருந்தகம் ஒன்றில் பதிவு முகப்பில் உட்கார்ந்தே காலத்தை ஓட்டியவள். அந்தக் கதையைப் போன வாரங்களில் இந்தப் பத்தியில் அழுது தீர்த்துவிட்டேன். இந்த வாரம் அதிலிருந்து ஒரே ஒரு காலைப் பொழுது மட்டும் போதும்.

அன்று ஒரு பெண்மணி தன் அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். பெரிய நிறுவனம் நடத்துகிறவர், செய்தியில் முகம் வருகிறவர். எங்கள் மேற்பார்வையாளர் ஓடி வந்து, உள்ளே அழைத்துப் போகிறேன் என்றார். அவர் மறுத்துவிட்டு என்னிடம் ஆங்கிலத்தில், "நம்பர் கொடுங்க, காத்திருக்கிறோம்" என்றார். காத்திருந்தார். அப்பாவுக்கு பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்து ஊட்டிக்கொண்டு, மற்றவர்களைப் போலவே பலகையில் ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முகப்பில் உட்கார்ந்தவளுக்கு மனிதர்களை எடைபோட இதைவிட நல்ல தராசு கிடையாது. வரிசையில் நிற்கிறவர், நிற்காதவர். என் உலகத்தில் ஜாதி இரண்டொழிய வேறில்லை.

நான் ஓய்வு பெற்று வீட்டில் கால் நீட்டிய பிறகு, அவர் அதிபர் தேர்தலில் நிற்கப்போவதாகச் செய்தி வந்தது. இங்கே நினைத்தவர் எல்லாம் அதிபர் தேர்தலில் நின்றுவிட முடியாது. முதலில் தகுதிச் சான்றிதழ் வர வேண்டும். அது வந்தால்தான் வேட்புமனு, சின்னம், சுவரொட்டி எல்லாம். ஆனால் சான்றிதழ் வரும்வரை சும்மா இருந்தால் அதன் பிறகு எதற்கும் நேரம் இருக்காது. அதனால் முன்கூட்டியே தெருவில் இறங்கி ஆளை அறிமுகப்படுத்தத் தொண்டூழியர்களைத் தேடினார்கள். எங்கள் தொகுதியில் பல தேர்தல்கள் போட்டியே இல்லாமல் முடிந்தவை. வாக்குச்சாவடிக்குள் நான் நுழைந்ததே அபூர்வம். பேரைக் கொடுத்தேன்.

"உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார் என் கணவர்.

"கால் வலிக்குதுன்னு சொல்ல ஒரு காரணம் வேணும்ல" என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே! காரணம் கைமேல் கிடைத்தது.

எழுந்து நின்றார் பாருங்கள்

எங்கள் குழுவுக்குத் தலைவி ஸ்டெல்லா. என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். பள்ளி அலுவலகத்தில் வேலை. அவளுடைய தேவாலயத்தில் அன்னதானம், பஜார், யாத்திரை எது நடந்தாலும் அவள்தான் முன்னால் நிற்பாள். பங்குத் தந்தைக்கே அவளிடம் கொஞ்சம் பயம் உண்டு என்று கேள்வி. இருக்கலாம். எனக்கும் இருந்தது.

முதல் வாரம் தேக்கா சந்தையில் துண்டுப் பிரசுரம் கொடுத்தோம். மீன் கழுவிய தண்ணீரில் செருப்பு வழுக்கும். ஒரு கையில் பிரசுரம், ஒரு கையில் குடை. வாங்காதவர்கள் குறைவு, மரியாதையாக எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். மாடிப்படி ஏறுவதற்குள் அதே பிரசுரம் சாப்பாட்டு மேசையில் கொட்டிய தேநீரைத் துடைத்துக்கொண்டிருந்தது. வேட்பாளரின் முகத்தின்மேல் மீன் முள் கிடந்ததை நானே பார்த்தேன்.

அப்போதுதான் அந்தத் தம்பதி வந்தார்கள். பட்டுச்சேலையும் வெள்ளிக் குங்குமச்சிமிழும் தட்டுமாக, மகள் கல்யாணத்துக்குக் கடை கடையாகப் பத்திரிகை வைத்துக்கொண்டு வந்தார்கள். ஆட்டிறைச்சிக் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். கையைக் கழுவினார். துண்டில் துடைத்தார். எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார்.

ஸ்டெல்லா என் முழங்கையைக் கிள்ளினாள். "அக்கா, பாத்தீங்களா? எந்திரிச்சு நின்னாரு. நமக்கு யாராச்சும் எந்திரிச்சாங்களா? ப்ளையரெல்லாம் வேஸ்ட்லா. நம்மளும் தட்டுதான்."

அப்படி ஆரம்பித்தது. வேட்புமனு தாக்கல் அன்று மண்டபத்துக்கு வெளியே வந்து நின்று ஆதரவு தரும்படி, நம்மவர் வீடுகளுக்கெல்லாம் கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் தட்டோடு போய் அழைப்பது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், கற்கண்டு எல்லாம் பஃபலோ ரோட்டில் வாங்கி அடுக்கிவிட்டோம். மறுநாள் குழுவில் இருந்த வழக்கறிஞர் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"கற்கண்டா? வாக்காளருக்குத் தின்பண்டம் கொடுக்கிறது தேர்தல் குற்றம் ஆன்ட்டி!"

"ரெண்டு கல்லுதான் தம்பி."

"ரெண்டு கல்லும் தின்பண்டம்தான்."

கற்கண்டு போயிற்று. வெற்றிலை பாக்கும் வாயில் போடுகிற பொருள் என்று அதுவும் போயிற்று. கடைசியில் குங்குமமும் மஞ்சளும் மட்டும் மிஞ்சின. மேலே ஒரு ரோஜாப்பூ வைத்தோம், அதையும் யாரும் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஊர் உலகத்தில் வெறுந்தட்டை நீட்டி அழைத்தவர்கள் நாங்கள் மட்டும்தான் இருப்போம்.

ஆனால் ஸ்டெல்லா சொன்னது பலித்தது. ஜனங்கள் எழுந்து நின்றார்கள். கழுத்தில் சிலுவை தொங்க அவள் குங்குமச்சிமிழை நீட்டுவாள், வீட்டுக்காரம்மா எடுத்து வைத்துக்கொண்டு "உள்ள வாம்மா" என்பார். பாசிர் ரிஸ்ஸில் ஒரு கிறிஸ்துவ வீட்டில், குங்குமம் வேண்டாம், ஜெபம் பண்ணுகிறோம் என்று எங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். ஜெபம் நீண்டது. அதிபர், அமைச்சர்கள், போக்குவரத்து, ஸ்டெல்லாவின் முதுகுவலி எல்லாம் அதில் வந்தன. காத்தோங்கில் பிள்ளையார் கோயில் வாசலில் ஒருவர் நாங்கள் பேசியதையெல்லாம் கேட்டுவிட்டு, "அது சரி, மாப்பிள்ளை என்ன வேலை பாக்கறாரு?" என்றார்.

இதில் நாங்கள் செய்த தப்பு ஒன்றே ஒன்று. நிச்சயம் ஆகாத கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தோம். சான்றிதழ் வரட்டுமே என்று நான் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். "அப்புறம் டைம் எங்கக்கா இருக்கு?" என்றாள் ஸ்டெல்லா. அவள் சொன்னதும் நியாயம்தான்.

லிங்க் செய்த வேலை

மார்சிலிங் யாருக்கு என்று பேச்சு வந்தபோது ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் அங்க சொந்தக்காரங்க இருக்காங்கன்னு சொன்னீங்களே."

சொன்னது நிஜம். பேச்சுவார்த்தை இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

என் மகள் கல்யாணம் நோய்த்தொற்றுக் காலத்தில் நடந்தது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகக்கூடத் தடை. கல்யாணத்துக்கு எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ண வேண்டிய நேரம். மாப்பிள்ளை வீட்டார், நாங்கள், ஐயர், சாட்சி என்று போட்டால் அத்தைக்கு இடம் இல்லை. தட்டு எடுத்துக்கொண்டு போக வழியும் இல்லை. கைப்பேசியில் பத்திரிகையை அனுப்பி, கீழே திரையில் பார்ப்பதற்கு லிங்கையும் அனுப்பினார் என் கணவர்.

ராஜி அண்ணி ஒரே ஒரு பதில் அனுப்பினார். "சொந்த அத்தைக்கு லிங்க்கா?" அதோடு சரி. பிறகு விருந்து வைக்கும்போது முறையாகப் போய் அழைக்கலாம் என்றிருந்தோம். மகளும் மருமகனும் வேலை கிடைத்துப் பெர்த் நகருக்குப் போய்விட்டார்கள், விருந்தும் நடக்கவில்லை.

இன்றைக்கும் சொல்கிறேன், தப்பு எங்கள்மேல் இல்லை. ஆனால் தப்பு இல்லை என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? என் கணவருக்குப் பெற்றோர் போன பிறகு இருந்தது அந்த ஒரு அக்கா. அந்தக் குடும்பத்துக்கே ஒரு வியாதி உண்டு, அழைக்காமல் யாரும் யார் வீட்டுக்கும் போக மாட்டார்கள். "அவங்க கூப்பிடட்டும், போறேன்" என்பார் இவர். அங்கேயும் அதே வசனம்தான் ஓடியிருக்கும். அக்காவின் பிறந்தநாள் அன்று இவர் கைப்பேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருப்பதை வருடா வருடம் பார்த்தேன். எனக்குப் பரிதாபமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

மார்சிலிங்குக்கு இவர்தான் காரில் கொண்டுவந்து விட்டார். மேலே வரவில்லை. "நீ எலெக்ஷன் வேலையா போற. நான் எதுக்கு?"

அண்ணி கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தட்டைப் பார்த்தார்.

"யாருக்குக் கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல அண்ணி..." என்று தொடங்கி எல்லாவற்றையும் வாசலில் நின்றபடியே ஒப்பித்தேன். அதன் பிறகுதான் வெளிப்பக்கத்து இரும்புக் கம்பிக் கதவின் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. உள்ளே போய் உட்கார்ந்தேன். அவர் தட்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, குங்குமம் எடுத்து வைத்துக்கொண்டு, சுற்றிலும் பார்த்தார்.

"கற்கண்டு எங்க?"

"சட்டம் விடாதாம் அண்ணி."

சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம்! "சரி மாலதி. தட்டு வெச்சுக் கூப்பிட்டே. வர்றேன்" என்றார்.

அண்ணியின் மாடி

வருகிறேன் என்றவர் தனியாக வருகிற ஆள் இல்லை. எதிர்வீட்டு மலாய்க்காரர்களை, அடுத்த வீட்டுச் சீன ஆன்ட்டியை, நான்காம் மாடியில் உள்ள பஞ்சாபிக் குடும்பத்தை எல்லாம் தானே அழைத்துவிட்டார். கூட ஒரு பெருமையும் உண்டு. "என் தம்பி வொய்ப் வந்து தட்டு வெச்சுக் கூப்பிட்டா" என்று புளோக் முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

தினமும் எனக்குக் குரல் செய்தி வரும். "மாலதி, பஸ்ல போறதா, எம்ஆர்டியா?" "மாலதி, என்ன கலர் சேலை?" "மாலதி, அந்த ஆன்ட்டிக்கு வெயில் ஆகாதுலா, குடை புடிக்கலாமா?" சமையலறையில் அதை நான் சத்தமாக வைத்துக் கேட்பேன். கூடத்தில் தொலைக்காட்சிச் சத்தம் குறையும். செய்தி முடிந்ததும் மறுபடி கூடும்.

"நீங்களும் ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்றேன் ஒரு நாள்.

"உன்னைத்தானே கூப்பிட்டாங்க" என்றார்.

ரூல்ஸ் அப்படிம்மா

சான்றிதழ் வரவில்லை.

அம்மையார் நடத்திய நிறுவனம் விதி கேட்கிற அளவுக்குப் பெரியது இல்லை என்று ஒரு பிற்பகலில் செய்தி வந்தது. சிராங்கூன் ரோட்டில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தோம். கைப்பேசிகள் ஒவ்வொன்றாக ஒலித்தன. யாரும் அழவில்லை, ஆத்திரப்படவும் இல்லை. எல்லோருக்கும் அவ்வளவு களைப்பு. ஸ்டெல்லா மட்டும் மேசைமேல் இருந்த டி-சட்டைகளை மறுபடி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

விதியை நான் குறை சொல்லவில்லை. முகப்பில் உட்கார்ந்து எத்தனை பேரிடம் "ரூல்ஸ் அப்படிம்மா, நான் என்ன செய்ய?" என்று சொல்லியிருப்பேன். அந்த வார்த்தை இந்தப் பக்கம் நின்று கேட்கும்போது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அம்மையார் வந்தார். எங்கள் ஒவ்வொருவர் பக்கத்திலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். பெரிய பேச்சு எதுவும் பேசவில்லை. என் வீங்கிய காலைப் பார்த்துவிட்டு, வெந்நீரில் உப்புப் போட்டு வைக்கச் சொன்னார்.

அவர் போன பிறகு, வருவதாகச் சொன்னவர்களுக்கெல்லாம் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடலாம் என்றார் வழக்கறிஞர். ஸ்டெல்லா மடிப்பதை நிறுத்தினாள்.

"தட்டு வெச்சுக் கூப்பிட்டவங்களுக்கு மெசேஜா? நாளைக்கு நம்ம முகத்துல முழிப்பாங்களா? போன வீட்டுக்கெல்லாம் திரும்பப் போறோம்லா."

போனோம். வாக்குக் கேட்டு நடந்தபோது இல்லாத களைப்பு, வராதீர்கள் என்று சொல்ல நடந்தபோது வந்தது. மனுஷர்கள் நல்லவர்கள். "பரவால்லம்மா, உக்காருங்க" என்று தண்ணீர் கொடுத்தார்கள். அதுதான் தாங்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் திரும்பி நடப்பது சுலபமாக இருந்திருக்கும். பாசிர் ரிஸ்ஸில் மறுபடியும் கையைப் பிடித்து ஜெபித்தார்கள், இந்தத் தடவை எனக்கும் சேர்த்து. நான் கண்ணைத் திறக்காமல் நின்றேன்.

மார்சிலிங்கைக் கடைசிக்குத் தள்ளி வைத்தேன். மற்ற வீடுகளில் போனது ஒரு வேட்பாளர் மட்டும்தான். இங்கே பிசகினால் என் கணவருக்கு அக்கா மறுபடியும் கிடையாது. லிங்க் அனுப்பினார்கள், அப்புறம் நடக்காத விசேஷத்துக்கு அழைத்தார்கள் என்று ஆகிவிடும்.

மறுபடியும் ஒன்பதாம் மாடி

மின்தூக்கி இரண்டாம் தடவை வந்தபோது ஏறிவிட்டேன்.

அண்ணி கதவைத் திறந்தார். தட்டில்லாத என் கையைப் பார்த்தார். "நியூஸ்ல பாத்தேன்" என்றார். உள்ளே விட்டார். நாற்காலியின்மேல் புதிதாக மடிப்புக் கலையாத சேலையும் தைத்து வந்த ரவிக்கையும் கிடந்தன.

"மன்னிச்சுக்குங்க அண்ணி. எங்களுக்கே தெரியாது."

"நீ என்ன பண்ணுவே? எதிர்வீட்டுல கேக்குறாங்க, என்ன ஆச்சுன்னு. சர்ட்டிபிகேட் இல்லையாம்னு சொல்லிட்டேன்." அவர் சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. அந்த அம்மா எலெக்ஷன்ல நிக்கப் போறேன்னு சொல்லலேன்னா, நீ இந்த வீட்டுக்கு வந்திருப்பியா?"

வந்திருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே. அத்தனை வீடு ஏறி இறங்கிய பிறகு, அழகாக ஒரு பொய் சொல்லக்கூட என்னிடம் தெம்பு இல்லை.

"வந்திருக்க மாட்டேன் அண்ணி."

அவர் கோபப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்ப நீ அவங்களுக்காக வந்தே. என் வீட்டுக்கு இன்னும் யாரும் வரல."

எழுந்து வந்துவிட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டேன். கீழே வந்து காரில் ஏறி உட்கார்ந்தேன். என்ன ஆயிற்று என்று இவர் கேட்டார். அண்ணி கேட்டதையும் நான் சொன்னதையும் அவர் கடைசியாகச் சொன்னதையும் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

இன்ஜினை அணைத்தார். கண்ணாடியில் தலைமுடியைக் கையால் சரிசெய்துகொண்டார். இறங்கிப் போனார். தூண்களுக்கு நடுவே போய் மின்தூக்கி பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் பூ இல்லை, பழம் இல்லை, ஒரு பிஸ்கட் பாக்கெட் கூட இல்லை. என்ன மனுஷன் இவர், வெறுங்கையோடு போகிறாரே என்றுதான் முதலில் தோன்றியது.

காரில் புழுக்கம். கண்ணாடியை இறக்கிவிட்டு, செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஸ்டெல்லா அழைத்தாள், எடுக்கவில்லை. வேறு வேட்பாளர் யாருக்காவது வேலை செய்யலாமா என்று கேட்பாள். முடியாது தாயே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கீழ்த்தளத்தில் இரண்டு முதியவர்கள் சதுரங்கம் ஒன்றை ஆடி முடித்து அடுத்ததை அடுக்கினார்கள். இவர் வரவில்லை. கதவையே திறக்கவில்லையோ, வாசலிலேயே நிற்கிறாரோ என்று பயம் வந்தது. மேலே போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். போகவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு வந்தார். கண் சிவந்திருந்தது. ஏறி உட்கார்ந்து சீட் பெல்ட்டை மாட்டினார்.

"ஞாயித்துக்கிழமை அக்கா நம்ம வீட்டுக்கு வர்றாங்க."

"கூப்பிட்டீங்களா?"

"கூப்பிடல."

"ஐயோ, என்னங்க இது! முறையா ஒரு வார்த்தை கூப்பிட வேணாமா? இருங்க, நான் மேல போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்" என்று செருப்பைத் தேடினேன்.

என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவங்க கூப்பிடாமத்தானே நான் போனேன். அதான் அவங்களும் கூப்பிடாம வர்றாங்களாம். நீ போய்க் கெடுத்துடாத."

காரை எடுத்தார். விரைவுச்சாலையில் ஏறும்வரை நான் அழுதுகொண்டே வந்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.